எந்த மலையின் குடுவை இது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஹெலியாம்ஃபோரா மைனர் என்ற பெயர்ச்சீட்டோடு வாங்கிய செடி. வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. நான்கைந்து குடுவைகள், ஒவ்வொன்றும் 3, 4 செ.மீ. உயரம், வெளிர்பச்சை நிறம், முன்பக்கம் இரண்டு அகலமான சிறகு. படங்களில் பார்க்கும் மைனர் போல இல்லை. இது உண்மையில் எந்தச் சிற்றினம்? சொந்த மண்ணில் இது எப்படி வாழ்கிறது? வளர்ப்பில் என் தவறு என்ன?"

இந்த நிலையில் உங்கள் செடிக்கு யாராலும் சிற்றினப் பெயர் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஊகித்துத்தான் சொல்வார். ஹெலியாம்ஃபோரா என்பது தென் அமெரிக்க மலைகளில் வளரும், பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகளின் பேரினம்; நீங்கள் விவரிப்பது அதன் இளங்குடுவை. விதையிலிருந்து முளைத்த செடியானாலும், திசு வளர்ப்பில் பெருக்கிய செடியானாலும், முதல் சில ஆண்டுகளுக்கு ஹெலியாம்ஃபோரா ஒரே மாதிரிக் குடுவைதான் போடும். ஒல்லியான குழல், முன்னால் அகன்ற சிறகுகள், உச்சியில் தேன் சுரக்கும் உறுப்பான தேன்கரண்டி இருக்காது. இருந்தாலும் சிறு கூர்முனையாகத் தெரியும், அவ்வளவுதான். ரொரைமா மலைச் செடிக்கும் நெப்லினா மலைச் செடிக்கும் இந்தப் பருவத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். போதாததற்கு, வெளிச்சம் குறைந்தால் முதிர்ந்த செடிகூட மறுபடி இளங்குடுவைக்கே திரும்பிவிடும். ஒன்றரை ஆண்டாக உங்கள் செடி மாறாமல் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. வெளிர்பச்சை நிறமும் அதைத்தான் சொல்கிறது. வளர்ப்பைக் கடைசியில் பார்ப்போம்.

இந்தப் பேரினத்தில் ஒரு பெயர் நிற்க வேண்டுமானால் மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும்: முதிர்ந்த குடுவை, பூ, செடியின் மூலம் எந்த மலையிலிருந்து வந்தது என்ற தகவல். மூன்றாவதுதான் வணிகத்தில் முதலில் தொலைந்துபோகிறது. மிக முக்கியமானதும் அதுதான். ஏன் என்று புரிய, பெயர்கள் வந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

'சூரியக் குடுவை' என்று இதைப் பலர் மொழிபெயர்க்கிறார்கள். அது தவறு. கிரேக்கத்தில் 'ஹீலியோஸ்' என்றால் சூரியன். இந்தப் பெயரில் இருப்பது 'ஹெலோஸ்', அதாவது சதுப்பு. சதுப்புக் குடுவை என்பதே சரி. 1840இல் தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தம் இந்தப் பேரினத்தை உருவாக்கி, ராபர்ட் ஷாம்பர்க் ரொரைமாவில் சேகரித்த செடிக்கு ஹெலியாம்ஃபோரா நூட்டன்ஸ் என்று பெயரிட்டார். 'நூட்டன்ஸ்' என்பது தலை கவிழ்ந்த பூவைக் குறிக்கும் சொல். ரொரைமாவின் உச்சியை அதுவரை எவரும் எட்டவில்லை. மாதிரி வந்தது மலையின் பக்கத்துச் சதுப்பிலிருந்து. உச்சிக்கு வழி கண்டு 1884 டிசம்பரில் ஏறியவர்கள் எவரார்ட் இம் தர்னும் ஹாரி பெர்கின்ஸும். (இதே இம் தர்ன்தான் பிறகு 1901 முதல் 1904 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர்.)

பெந்தமுக்குப் பிறகு 91 ஆண்டுகள் இந்தப் பேரினத்தில் ஒரே ஒரு சிற்றினம்தான் இருந்தது. பிறகு துய்தா மலைக்குப் போன டைலர் பயணக் குழுவின் சேகரத்திலிருந்து 1931இல் தாவரவியலாளர் க்ளீசன் ஒரே மூச்சில் மூன்றை விவரித்தார்: டாட்டேய், டைலெரி, மக்டொனால்டே. 1939இல் அவுயான் தெப்புயிலிருந்து (தெப்புய் என்றால் உச்சி தட்டையான மலை) மைனர் வந்தது. 1951இல் ஸ்டெயர்மார்க் ப்டாரி தெப்புயிலிருந்து ஹெட்டிரோடாக்ஸாவைச் சேர்த்தார். 1978இல் மக்வயர் அயோனசி, நெப்லினே இரண்டையும் விவரித்தார். 2000க்குப் பிறகு வெள்ளம். அதுவரை ஹெலிகாப்டர் இறங்காத உச்சிகளில் இறங்கித் தேடினார்கள்; ஏறக்குறைய ஒவ்வொரு மலையிலும் ஏதோ ஒரு புதிய செடி இருந்தது. ஹிஸ்பிடா, ஃபாலிகுலாட்டா, எலங்காட்டா, புல்கெல்லா, சராசினியாய்டெஸ், அன்சினாட்டா என்று வந்துகொண்டே இருந்து 2011இல் எண்ணிக்கை 23ஐத் தொட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, புதிய பெயர்களில் சில உண்மையில் பழைய பெயர்கள் பதவி உயர்ந்து வந்தவை. கிளாப்ரா 1978இல் ஹெட்டிரோடாக்ஸாவின் ஒரு வகையாகத்தான் எழுதப்பட்டது. 2006இல் தனிச் சிற்றினம் ஆனது. எக்ஸப்பெண்டிகுலாட்டாவும் அப்படியே, ஹெட்டிரோடாக்ஸாவின் வகையாக இருந்து 2006இல் பிரிந்தது. பார்வா நெப்லினேயின் வகையாக இருந்தது, 2011இல் தனியானது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: டைலெரி இன்று டாட்டேய்க்குள் அடக்கம், மக்டொனால்டேயைச் சிலர் தனியாகவும் சிலர் டாட்டேயின் வடிவமாகவும் வைக்கிறார்கள். ஆகவே 2000க்கு முன்பு வளர்ப்புக்கு வந்த செடியில் 'ஹெட்டிரோடாக்ஸா' என்று எழுதியிருந்தால், அந்தப் பெயர் இன்றைய பொருளில் மூன்று வேறு செடிகளில் எதையும் குறிக்கலாம். 'மைனர்' கதையும் இதுதான். சிமந்தா மலைத்தொகுதியிலிருந்து வந்த சிறிய குடுவைகளை ஒருகாலத்தில் மைனர் என்றே அழைத்தார்கள். 2005இல் அவை புல்கெல்லா ஆயின.

பேரினத்துக்கு வெளியே பார்த்தால், குடும்பம் சராசினியேசி. அதில் மூன்றே பேரினங்கள்: வட அமெரிக்காவின் கிழக்கில் சராசினியா, மேற்குக் கடற்கரைப் பக்கம் டார்லிங்டோனியா, தென் அமெரிக்காவில் ஹெலியாம்ஃபோரா. வரைபடத்தைப் பார்த்தால் வட அமெரிக்கச் செடிகள் இரண்டும் உடன்பிறப்புகள் என்று தோன்றும். மரபணு ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன: ஹெலியாம்ஃபோராவும் சராசினியாவும் நெருங்கியவை, டார்லிங்டோனியா சற்றுத் தள்ளி நிற்கிறது. ஆசிய நெப்பெந்தஸ் குடுவைகளோடு இந்தக் குடும்பத்துக்கு உறவே கிடையாது. உருவ ஒற்றுமை தனித்தனியாக வந்தது.

இனி மலைகளுக்கு வருவோம். வெனிசுவேலாவின் தெற்கிலும், பிரேசில், கயானா எல்லைகளிலும் செங்குத்துச் சுவரும் தட்டையான உச்சியுமாக நிற்கும் மணற்கல் மலைகளுக்குப் பெமோன் மக்கள் மொழியில் 'தெப்புய்' என்று பெயர். பாறை ஏறக்குறைய 180 கோடி ஆண்டு பழையது. மணல் இறுகிக் கல்லாகி, அதுவும் குவார்ட்சாக உறைந்துவிட்டது. சிலிக்காவைத் தவிர அதில் செடிக்கு உதவுவது அநேகமாக எதுவும் இல்லை; சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் பெயரளவுக்கே. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்குக் குறையாத மழை, பல உச்சிகளில் 3,000க்கு மேல், அந்தக் கொஞ்சத்தையும் கழுவிவிடுகிறது. மிச்சமாகத் தேங்குவது பாறைப் பள்ளங்களில் சில செ.மீ. முதல் சில அடி வரை தடித்த கருப்பு மட்குக் கரி. அதன் அமிலத்தன்மை பி.எச். 4 அளவில் இருக்கும். பூச்சியைப் பிடித்துத் தின்ன ஒரு செடி ஏன் கிளம்பியது என்பதற்கு இந்த மண்ணே பதில்.

தாவரவியலாளர்கள் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட இந்த உயரங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பான்தெப்புய் என்று ஒரே தாவரப் பகுதியாகக் கருதுகிறார்கள். ரொரைமா 2,810 மீ.; பிரேசில் எல்லையில் நெப்லினா 2,995 மீ. ஆனால் உச்சி ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. நூட்டன்ஸ் வளரும் ரொரைமா உச்சியில் பெரும்பகுதி வெறும் பாறை. நீலப்பசும்பாசி படர்ந்து கருத்த பாறை, பகலில் தொட்டால் சுடும், மேகம் வந்தால் நொடியில் குளிரும். செடிகள் பாறை விரிசல்களிலும், ஆழமில்லாத நீர்ப்பள்ளங்களின் ஓரத்திலும் தீவுகளாகக் கூடிக் கிடக்கும். அந்தத் தீவுகளில் ஹெலியாம்ஃபோராவோடு ஸ்டெகோலெபிஸின் விசிறி இலைகள், ஓரெக்டான்தே செப்ட்ரம், ட்ரோசெரா ரொரைமே, செம்பூ விடும் யூட்ரிகுலாரியா க்வெல்ச்சீ எல்லாம் இருக்கும். சிமந்தாவில் காட்சி வேறு. அங்கே ஆழமான கரிச் சதுப்புகள், சிமந்தேயா என்ற சூரியகாந்திக் குடும்பத்துக் குத்துச்செடிகளின் கூட்டம், நடுவே குடுவைகள் அடர்ந்த மெத்தை. துய்தாவில் டாட்டேய் புதர்க்காட்டுக்குள் மற்றச் செடிகளோடு வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுத் தண்டு நீட்டி, மீட்டர் கணக்கில் உயரும். ஒரே பேரினம், மூன்று வாழ்க்கை.

எல்லாமே உச்சிவாசிகளும் அல்ல. ஹெட்டிரோடாக்ஸா, மலைகளுக்குக் கீழே விரியும் கிரான் சபானா மேட்டுநிலத்தின் ஈரப் புல்வெளிகளில் 1,200 மீ. அளவு வரை இறங்கி வரும். கொஞ்சம் வெப்பத்தைத் தாங்கும் குணம் அங்கிருந்துதான் அதற்கு வந்தது. அன்சினாட்டாவோ சிமந்தாத் தொகுதியின் அமூரி தெப்புயில், நிழலான பள்ளத்தாக்குச் சுவரில் தொங்கி வாழ்வது. எக்ஸப்பெண்டிகுலாட்டாவும் பெரும்பாலும் நிழலும் ஈரமுமான பாறைப் பிளவுகளை நாடும். நூட்டன்ஸுக்குக் கொடுக்கும் வெயிலை இவற்றுக்குக் கொடுத்தால் கருகிவிடும்.

தெப்புய்களின் தாவரங்கள் வகைப்பாட்டாளர்களைப் படுத்திய பாடு ஹெலியாம்ஃபோராவோடு நிற்கவில்லை. நெப்லினாவில் கிடைத்த சாக்கிஃபோலியம், பை போன்ற விசித்திர இலையோடு இருந்ததால் 1978இல் அதற்கென்று தனிக் குடும்பமே உருவாக்கினார்கள். பிறகு அது ஜென்ஷியன் குடும்பத்துக்குள் அடங்கியது. டெப்புயாந்தஸுக்கும் 1981இல் தனிக் குடும்பம் கிடைத்தது. இன்று அது தைமெலேயேசியில் இருக்கிறது. தனிமையான மலையில் வளர்ந்த செடி உருவத்தில் வெகுதூரம் போய்விடுகிறது. உருவத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துவிடுகிறார். ஹெலியாம்ஃபோராவின் மரபணு ஆய்வுகளிலும் இதே பாடம் வருகிறது. உருவத்தைவிடப் பக்கத்து மலை என்பதே உறவைச் சரியாகக் காட்டுகிறது. துய்தா, நெப்லினாப் பக்கத்து மேற்குச் செடிகள் ஒரு பக்கமும், ரொரைமா, சிமந்தாப் பக்கத்துக் கிழக்குச் செடிகள் வேறு பக்கமுமாகப் பிரிகின்றன. மலை தெரியாமல் பெயர் இல்லை என்று மேலே சொன்னதன் அடிப்படை இது.

முதிர்ந்த குடுவை ஒன்று கிடைத்தால் எப்படிப் பார்ப்பது? 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும் சிறிய டார்ச்சும் போதும். குடுவை என்பது ஒரே இலை சுருண்டு, முன்பக்கம் ஓரங்கள் ஒட்டித் தைத்தது போல இணைந்தது. அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தால், பாதி உயரத்தில் பல சிற்றினங்களில் குடுவை ஒடுங்கி 'இடுப்பு' ஒன்று இருக்கும். அதையொட்டித் தையலில் ஒரு நுண்ணிய பிளவு அல்லது துளை. அதுதான் வடிகால். கொட்டும் மழையில் குடுவை நிரம்பிக் கவிழ்ந்துவிடாமல், நீர்மட்டத்தை எப்போதும் ஒரே அளவில் வைக்கும் ஏற்பாடு. உள்ளே அந்தப் பிளவை ரோமங்கள் சல்லடை போல மறைத்திருப்பதால் தண்ணீர் போகும், எறும்பு போகாது.

இப்போது டார்ச்சைக் குடுவையின் வாய்க்குள் அடியுங்கள். மேலே மணி போல விரிந்த பகுதியில் கீழ்நோக்கிய ரோமங்கள். அதற்குக் கீழே வழவழப்பான ஒரு பட்டை. அதற்கும் கீழே, நீருக்கடியில், மறுபடி நீண்ட ரோமங்கள். சிற்றினத்தைப் பிரிப்பதில் மேல் பகுதி ரோமம்தான் முதல் சாட்சி. அது நீளமா குட்டையா, அடர்த்தியா ஐதா, ஒரே சீராக இருக்கிறதா, விளிம்பில் மட்டும் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். புல்கெல்லாவில் ரோமங்கள் நீண்டு, எண்ணிவிடலாம் போலத் தனித்தனியாக வெளுத்து நிற்கும். குடுவை கருஞ்சிவப்பாக இருந்தால் பளிச்சென்று தெரியும். சாதாரண மைனரில் குட்டையாக இருக்கும். அவுயானிலேயே வளரும் பிலோசா வகையில் நீண்டு அடர்ந்திருக்கும். கிளாப்ரா, மக்டொனால்டே இரண்டிலும் உட்புறம் பெரும்பகுதி மொழுமொழுவென்று இருக்கும்.

அந்த ரோமம் அலங்காரத்துக்கு வந்ததல்ல என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். நூட்டன்ஸைக் கொண்டு செய்த சோதனைகளில், உலர்ந்த குடுவைச் சுவரில் எறும்பு தாராளமாக நடந்து போனது. சுவர் நனைந்ததும் கதை மாறியது. ரோமங்கள் தண்ணீரை இழுத்துச் சுவர் முழுக்க மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகின்றன. எறும்பின் பாத ஒட்டுப்பட்டை பிடிமானம் இழக்கிறது. ரோமமெல்லாம் கீழ்நோக்கி இருப்பதால் நகத்துக்கும் பிடி கிடைப்பதில்லை. மழையும் மூடுபனியும் நாள்தோறும் இருக்கும் மலைக்கு இது கச்சிதமான பொறி. விழுந்த பூச்சியைச் செரிக்க டாட்டேய் போன்ற ஒரு சிலவற்றில்தான் செடியே நொதி சுரப்பது அறியப்பட்டிருக்கிறது. மற்றவற்றில் குடுவை நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அதே நீரில் வயோமையா என்ற கொசுவின் புழுக்கள் சாகாமல் வளர்வதும் இதனால்தான்.

ரோமத்துக்கு அடுத்த சாட்சி தேன்கரண்டி, குடுவையின் பின்விளிம்பு உச்சியில் நிற்கும் தேன் சுரக்கும் உறுப்பு. நூட்டன்ஸில் இது சிறியது, சிவந்தது. ஹெட்டிரோடாக்ஸாவில் பெரியது. டாட்டேயில் தலைக்கவசம் போல முன்னோக்கிக் கவிந்திருக்கும். சராசினியாய்டெஸில் மூடி போலவே அகன்று வடக்கத்திய உறவினரை நினைவூட்டும். பெயரும் அதனால் வந்தது. அன்சினாட்டாவில் கொக்கி. எக்ஸப்பெண்டிகுலாட்டாவில் கரண்டியே பெரும்பாலும் இராது; பெயரே அதைத்தான் சொல்கிறது. எல்லாவற்றிலும் விசித்திரம் ஃபாலிகுலாட்டா: கரண்டி உள்ளே குழிவான குமிழாக ஊதி, தேன் அதற்குள் தேங்கும், பூச்சி சிறு திறப்பு வழியாக நுழைந்து குடிக்க வேண்டும். முதிர்ந்த ஃபாலிகுலாட்டாவை ஒருமுறை பார்த்தவர் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டார். அளவைச் சாட்சியாக எடுப்பது ஆபத்து. இலூ, த்ராமென் மலைகளின் அயோனசி மட்டும் விதிவிலக்கு. முதிர்ந்தால் அரை மீட்டர் வரை எட்டும் குடுவை வேறு யாருடையதும் ஆக இருக்காது.

பூவில் பார்க்க வேண்டியவை எண்ணிக்கைகள். காம்பு நிமிர்ந்து, பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். புல்லி, அல்லி என்ற பிரிவு கிடையாது. வெள்ளையோ இளஞ்சிவப்போ ஆன இதழ்கள் பொதுவாக 4, சில சமயம் 6 வரை. மகரந்தத்தாள்கள் 10 முதல் 20 வரை. இவற்றை எண்ணுங்கள், மகரந்தப்பையின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். ஒரே பூவோடு நிறுத்தாமல் காம்பிலுள்ள எல்லாப் பூவிலும் எண்ணுங்கள், ஒரே காம்பிலேயே எண்ணிக்கை மாறும். பூ வாடுவதற்குள் படம் எடுத்துவிடுங்கள், கருவுற்ற பின் இதழ்கள் பச்சைக்கு மாறிவிடும்.

விதை வேண்டும் என்பவர்களுக்கு இங்கேதான் தோல்வி நேரும். தூரிகையால் எத்தனை முறை தடவினாலும் மகரந்தம் வராது. மகரந்தப்பை நுனித் துளை வழியாகத்தான் தூளை விடும். மலையில் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசையை அதிரவைத்து அதைக் கொட்டவைக்கின்றன. வீட்டில் இசைக்கவையையோ மின் பல்துலக்கியின் பின்புறத்தையோ பூக்காம்பில் தொட்டு, கீழே கறுப்புக் காகிதம் பிடிக்க வேண்டும். இன்னொரு சிக்கல்: பூ விரிந்த முதல் நாள்களில் சூல்முடி ஏற்கும் நிலையில் இருக்கும், அப்போது அதே பூவின் மகரந்தம் தயாராகியிருக்காது. ஆகவே மூத்த பூவின் தூளை அப்போதுதான் விரிந்த பூவுக்குக் கொண்டுபோக வேண்டும். வேறொரு செடியின் தூள் கிடைத்தால் இன்னும் நல்லது.

இத்தனை பார்த்தும் செடி எதிலும் அடங்காமல் நழுவினால் கலப்பினத்தைச் சந்தேகியுங்கள். ஹெலியாம்ஃபோரா சிற்றினங்கள் தமக்குள் தாராளமாகக் கலக்கும். பிறக்கும் செடிகளும் விதை வைக்கும். இலூ தெப்புயில் எலங்காட்டாவும் அயோனசியும் கலந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லாப் படிநிலையிலும் செடிகள் நிற்கின்றன. சிமந்தாவில் சிமந்தென்சிஸும் புல்கெல்லாவும் கலக்கின்றன. வளர்ப்பில் மிகப் பரவலாகச் சுற்றுவது ஹெட்டிரோடாக்ஸாவும் மைனரும் சேர்ந்த கலப்பு. எளிதாக வளரும், திசு வளர்ப்பில் மலிவாகப் பெருகும், அதனால் 'மைனர்' என்றும் 'ஹெட்டிரோடாக்ஸா' என்றும் 'நூட்டன்ஸ்' என்றும் சீட்டு மாறி விற்பனையாகிறது. உங்கள் செடியில் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ஆனால் அது சந்தேகம் மட்டுமே. குடுவை முதிர்ந்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும்.

முதிரவைப்பது உங்கள் கையில் இருக்கிறது. மலைச் சூழலை நினைவில் வைத்தால் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் விளங்கும். பகலில் 18 முதல் 25 டிகிரி, இரவில் 8 முதல் 15 டிகிரி செல்சியஸ். இரவுக் குளிர்தான் முக்கியம். பகலில் சில மணி நேரம் 27, 28 போனால் பிழைத்துக்கொள்ளும். இரவும் 22க்குக் கீழே இறங்காமல் வாரக்கணக்கில் போனால் பிழைக்காது. சமவெளி ஊரில் குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டி இல்லாமல் இதற்கு வழியில்லை. வேர்ப்பகுதி காற்றைவிடச் சூடாகிவிடக் கூடாது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை விளக்கொளியில் வைத்தால் அதுவே சூடாகும், வெள்ளைத் தொட்டி நல்லது.

வெளிச்சம்: வெள்ளை எல்.இ.டி. விளக்கு, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். எத்தனை அங்குலத்தில் தொங்கவிடுவது என்பது விளக்கின் சக்தியைப் பொறுத்தது. செடியே அளவுகோல்: குடுவை விளிம்பிலும் கரண்டியிலும் சிவப்பு ஏறினால் போதுமான வெளிச்சம், சிறகு அகன்று குழல் ஒல்லியாக, வெளிறி வந்தால் போதவில்லை. விளக்கை ஒரேயடியாகக் கீழே இறக்காதீர்கள். வாரத்துக்கு 2, 3 செ.மீ. இறக்குங்கள். பழைய குடுவை மாறாது. அடுத்து வரும் இரண்டு மூன்று குடுவையில்தான் பலன் தெரியும். ஒரு குடுவை விரிய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அவசரப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம்.

ஊடகத்துக்கு நீளநார் ஸ்ஃபாக்னம் பாசி இரண்டு பங்கு, பெருமணி பெர்லைட் ஒரு பங்கு. பாசியை நனைத்துப் பிழிந்து தளர்வாகப் போடுங்கள், அமுக்காதீர்கள். தெப்புயில் வேரைச் சுற்றித் தண்ணீர் நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது; குளிர்ந்த, காற்றோட்டமுள்ள தண்ணீர். தட்டில் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் தொட்டியை நிறுத்துவது அதற்கு நேர் எதிர், வேரழுகலுக்கு முதல் காரணம் அதுவே. மேலிருந்து ஊற்றி வடியவிடுங்கள். தண்ணீர் மழைநீராகவோ ஆர்.ஓ. நீராகவோ, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 50க்குள் இருக்க வேண்டும். குழாய்நீர் ஊற்றினால் உடனே ஒன்றும் தெரியாது. சில மாதத்தில் பாசியின் மேல் உப்புப் படியும், வேர் நுனி கருகும், புதுக் குடுவை சிறுத்துக்கொண்டே வரும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் குடுவைகளுக்குள்ளும் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள். காலிக் குடுவை காய்ந்து சீக்கிரம் மடியும்.

ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். அதற்காகப் பெட்டியை இறுக மூடிவிட்டால் பூஞ்சை வரும். சிறிய கணினி விசிறி ஒன்று எப்போதும் மெல்லச் சுழலட்டும். உணவு என்று பார்த்தால், முதிர்ந்த குடுவை ஒன்றுக்கு மாதம் ஒரு சிறு எறும்போ பழ ஈயோ போதும். அதிகம் போட்டால் குடுவை நீர் நாறி, சுவர் பழுப்பாகி அழுகும்.

அடிக்கடி நடக்கும் பெரிய தவறு, செடி வளரவில்லை என்று தொட்டி மாற்றுவதும், வேரைப் பிரிப்பதும். ஹெலியாம்ஃபோராவின் வேர் கலைந்தால் செடி பல மாதம் ஸ்தம்பித்து நிற்கும். பாசி சிதைந்து குழையத் தொடங்கினால், அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளவில், வேருண்டையைக் கலைக்காமல் பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும். பிரித்தே ஆக வேண்டுமானால் ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு வளர்முனையும் சொந்த வேரும் இருக்க வேண்டும். ஒற்றை முனையாகப் பிரித்தவை பெரும்பாலும் சாகின்றன. மாற்றிய பின் இரண்டு மூன்று வாரம் வெளிச்சத்தைக் குறைத்து, ஈரத்தைக் கூட்டி வையுங்கள். வெயில் காலத்தில் இந்த வேலையே வேண்டாம். நடுக்குருத்து கருத்து, இழுத்தால் கையோடு வந்தால் வெப்ப அழுகல். கருத்ததைச் சுத்தமான பிளேடால் வெட்டி எடுத்து, மிச்சத்தை உடனே குளிர்ச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். குடுவை விளிம்பு மட்டும் காய்ந்து பழுப்பானால் ஈரப்பதக் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை.

பெயர்ச்சீட்டை இப்போதே மாற்றிவிடுங்கள். 'மைனர்' என்பதை அழித்துவிடாமல், 'மைனர் என்று வாங்கியது' என்று எழுதி, வாங்கிய மாதம், ஆண்டு, விற்றவர் தரும் குறியீட்டு எண் எல்லாவற்றையும் குறியுங்கள். விற்றவரிடம் இந்த மூலச்செடி எந்தத் தெப்புயிலிருந்து, விதையா, திசு வளர்ப்பா என்று கேட்டு, பதிலை அப்படியே எழுதுங்கள். தெரியாது என்று சொன்னால் 'இடம் தெரியாது' என்று எழுதுங்கள். இந்தச் செடியைப் பிரித்துக் கொடுக்கும்போதும் அதே சீட்டு கூடவே போகட்டும். விதை எடுத்து, அதற்கு மைனர் என்று பெயரிட்டு யாருக்கும் தராதீர்கள். கரண்டி வந்த பிறகு, குடுவையின் உட்புறத்தை டார்ச் ஒளியில் ஒன்று, பக்கவாட்டில் அளவுகோல் வைத்து ஒன்று, பூ வந்தால் மகரந்தத்தாள்கள் தெரிய ஒன்று என்று மூன்று படங்கள் எடுங்கள். அந்த மூன்றும் கையில் இருந்தால், மலை தெரியாவிட்டாலும், இது எது அல்ல என்பதையாவது உறுதியாகச் சொல்லலாம்.